லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சொல்வார்கள்?

பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் முடிவு வந்த அன்று காலையில் நான் சித்தி வீட்டில் இருந்தேன். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. போனுக்கு சிக்னல் முன் திண்ணையான இஸ்தோப்பின் ஒரு மூலையில்தான் கிடைக்கும். சித்தி மகள் அந்த மூலையில் சுவரோடு ஒட்டி நின்று சுட்டெண்ணைத் தட்டினாள். கணிதத்துக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு ஏ. "அம்மா" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். சித்தி அடுப்படியை விட்டு வருவதற்குள் அடுத்த காம்பராவிலிருந்து (பக்கத்து வீடுதான்) "எத்தனை ஏ?" என்று குரல் வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் பதினொரு பேர் அவளுடைய உயர்தரத்தைப் பற்றி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று, யோசனை சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். லயத்துப் பொதுக் குழாயான பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பெரியம்மா, கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய அக்காமார், தோட்டத் தலைவர், கோயில் பூசாரி, பக்கத்து டிவிஷனிலிருந்து வந்த மாமா. "கணக்கு எடுத்தா தாங்காது பாப்பா. ஆர்ட்ஸ் எடு, டீச்சரா வந்துரலாம்." பதினொரு பேர் சொன்னதன் சாரமும் இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒருத்தர் கையில் பிஸ்கட் பக்கெட்டோடு வந்து சொன்னார். இரவு சாப்பிடும்போது, "நீ என்னம்மா நெனைக்கிற?" என்று கேட்டேன். "காலையில கணக்குதான் எடுக்கணும்னு இருந்துச்சு அண்ணே. இப்ப தெரியல" என்றாள்.

காலைக்கும் இரவுக்கும் இடையில் அவளுடைய பெறுபேறு மாறவில்லை. கணக்கு மாறவில்லை. மற்றவர்களின் பேச்சு மட்டும்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பேச்சு ஒரு மனதுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை உளவியலாளர்கள் எண்பது, தொண்ணூறு வருடங்களாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நம் லயத்து வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் சில விடயங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு லயம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், முன்னால் இஸ்தோப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்து அடைப்பதற்காகக் கட்டிய அமைப்பு. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை ஏறாது. இருமினால் கேட்கும். புருஷன் பெண்சாதி மெதுவாகப் பேசினாலும் கேட்கும். ஒரு ஆள் தனியாக யோசித்து, தனியாக ஒரு முடிவுக்கு வந்து, அப்புறம் வெளியே சொல்வதற்கு அந்தக் கட்டடத்தில் இடமே கிடையாது. முடிவு பாதி வெந்துகொண்டிருக்கும்போதே நாலு பேர் மூடியைத் திறந்து பார்த்துவிடுவார்கள்.

அதே சுவர்தான் இராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் பாதி லயத்தை எழுப்பி லொறி பிடித்துக் கொடுக்கிறது. சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிறவர்களும் அந்தப் பதினொரு பேர்தான். அவர்கள் பேச்சைத் தூக்கி எறி என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

சரி, சோதனைகளுக்கு வருவோம்.

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அதன் விவரம் முக்கியம். ஏழெட்டு மாணவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அளவுக்கு வித்தியாசம். ஆனால் அந்த மேசையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே பேசி வைத்தவர்கள். 18 சுற்றுகளில் 12 இல் அவர்கள் ஒரே குரலாகத் தப்பான கோட்டைக் காட்டினார்கள். விடயம் தெரியாத அந்த ஒருவர் தன் கண்ணை நம்புவாரா, மேசையை நம்புவாரா?

ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது மேசையோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். அந்த 12 சுற்றுகளில் வந்த பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அப்படித் தப்பானவை. தனியாக விட்டால் நூற்றுக்கு ஒன்று கூடத் தப்பாதவர்கள். பெரும்பாலும் இத்துடன் கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. மேசையில் இன்னொரே ஒரு ஆள் சரியான கோட்டைக் காட்டினால் போதும், அந்த ஒருவர் மேசையோடு சாய்வது கால்வாசியாகக் குறைந்தது. பதிலை வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் நன்றாகக் குறைந்தது.

1955 இல் மோர்ட்டன் டொய்ச், ஹரல்ட் ஜெரார்ட் என்ற இருவர் இதைப் பிரித்துக் காட்டினார்கள். மற்றவர் பேச்சு நம்மை இரண்டு வழியில் தள்ளுகிறது. ஒன்று, "அவங்களுக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிஞ்சிருக்கும்" என்ற எண்ணம். மற்றது, "இவங்களோட ஒத்துப்போகாட்டி நம்மள என்ன நெனைப்பாங்க" என்ற எண்ணம். முதலாவது தகவல். இரண்டாவது உறவு.

பீலிக்கரையில் இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே வாக்கியத்தில் வரும். அதுதான் சிக்கல். "கணக்கு எடுத்தா தாங்காது" என்று பெரியம்மா சொல்லும்போது அது உயர்தரத்தைப் பற்றிய செய்தி மாதிரித்தான் காதில் விழுகிறது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஒன்றும் ஓடுகிறது: நீ ஏறி விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், உங்கம்மா தலைகுனிந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டிவரும். அந்தப் பயமும் உண்மையானதுதான். ஆனால் அது உயர்தரக் கணிதப் பாடமான இணைந்த கணிதத்தைப் பற்றிய தகவல் இல்லை. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற கேள்வியை நாம் எடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு என்ன தெரியும் என்பது ஒரு கேள்வி. அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டும்.

பதினொரு வாய், ஒரு கண்

மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன். முதல் நாள் வந்தவர்களில் ஆறேழு பேரிடம் போய், "கணக்கு எடுத்து யாரு தாங்காமப் போனது?" என்று கேட்டேன். சண்டைக்கு இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். பெரியம்மா மேட்டு லயத்துப் பையன் ஒருவனைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் கணிதப் பிரிவு எடுத்தவன், பரீட்சையில் தவறிவிட்டு இப்போது கொழும்பில் வேலை. பூசாரியும் அவனைத்தான் சொன்னார். மாமா, பக்கத்து டிவிஷன்காரர், அவரும் அவனைத்தான் சொன்னார். கொழுந்தெடுக்கும் அக்காமாரில் ஒருத்திக்குப் பெயர் தெரியாது, "யாரோ ஒரு பையன்" என்றார். தலைவர் மட்டும் இரண்டு பேரைச் சொன்னார். இரண்டாமவன் யார் என்று விசாரித்துப் பார்த்தால், அதே பையனின் இன்னொரு பெயர். வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று.

பதினொரு பேர் சொன்னது போலத் தோன்றியது. தகவல் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, ஒரு பையன் ஒரு தடவை தவறினான். அவன் ஏன் தவறினான் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் அவனிடம் கேட்டதும் இல்லை.

முசாபர் ஷெரீப் 1935 இல் இருட்டறையில் ஒரு சோதனை செய்தார். இருட்டில் அசையாமல் நிற்கும் ஒரு ஒளிப்புள்ளி அசைவது போலத் தெரியும், அது கண்ணின் மயக்கம். எவ்வளவு தூரம் அசைகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். சிலரைச் சேர்த்து உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய அளவும் ஒன்றை ஒன்று நெருங்கி ஒரே இடத்துக்கு வந்துவிடும். பிறகு தனியாகக் கேட்டாலும் அதே அளவைத்தான் சொல்வார்கள். உண்மையில் புள்ளி அசையவே இல்லை. உறுதியாகத் தெரியாத விடயத்தில் நாம் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு அளவுகோலைச் செய்துகொள்கிறோம், அது பிறகு நம் சொந்த அறிவு மாதிரி உள்ளே தங்கிவிடுகிறது. "கணக்கு தாங்காது" என்பது அந்தத் தோட்டத்தில் அப்படித் தங்கிய ஒரு அளவு.

அதே நேரத்தில் அந்தப் பதினொரு பேரில் யாருமே சொல்லாத தகவல்கள் சில இருந்தன. பல்கலைக்கழக அனுமதியில் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு 40 சதவீத இடங்கள்தான் முழு இலங்கைக்கும் பொதுவான தரவரிசையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பகிரப்படுகிறது. இன்னொரு 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. தலவாக்கலை இருக்கும் நுவரெலியாவும் பதுளையும் அந்த 16 இல் இருக்கின்றன. அதனால் நுவரெலியாவிலிருந்து பொறியியலுக்குத் தேவைப்படும் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணக்கிடும் புள்ளி) கொழும்பு மாவட்டத்தில் தேவைப்படுவதைவிடக் குறைவு. இது ஒரு பதினாறு வயதுப் பிள்ளை பிரிவைத் தெரிவுசெய்யும்போது கட்டாயம் காதில் விழ வேண்டிய செய்தி. மறுபக்கமும் விழ வேண்டும்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் தோட்டப்புறத்துக்குப் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். கிளாசுக்கு ஹட்டனுக்கோ அதைத் தாண்டியோ போக வேண்டிவரும். பஸ் காசு, திரும்பி வர இருட்டு. எடை போடவேண்டிய உண்மையான கஷ்டம் இதுதான். ஆனால் "தாங்காது" என்ற ஒற்றைச் சொல் இந்தக் கஷ்டத்தையும் மறைத்துவிட்டது, அந்தச் சலுகையையும் மறைத்துவிட்டது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973 இல் இதற்கு நல்ல விளக்கம் ஒன்று தந்தார். தெரிந்தவர்கள் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தச் செய்தியைச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்குச் செய்தி வந்தது எப்போதாவது சந்திக்கும் ஆளிடமிருந்து. காரணம் எளிது. தினமும் பார்க்கிற ஆளுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பவர்கள் ஒரே செய்தியைத்தான் மாற்றி மாற்றிக் குடிக்கிறோம். புதுச் செய்தி டவுனிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும்.

இங்கு யாவரும் நலம்

ஆகவே போய்ப் பார்த்தவர்களிடம் கேட்டால் போதும் என்று தோன்றும். அதிலும் ஒரு குழி இருக்கிறது. எங்கள் குடும்பம் அதில் ஒரு தடவை விழுந்திருக்கிறது.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். எண்ணிக்கையை மேலே தீர்மானித்துவிட்டார்கள். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது என்பது லயத்துக்கு வந்துவிட்டது. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள், ஒரு நாட்டையே தெரிவுசெய்ய வேண்டிய நிலை. அப்போது அவர்களிடம் இருந்ததெல்லாம் மற்றவர்களின் பேச்சு. கங்காணி என்ன சொன்னார், தொழிற்சங்கத்துக்காரர் என்ன சொன்னார், பக்கத்துக் காம்பரா எங்கே எழுதிக் கொடுத்தது.

என் தாத்தாவின் தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்கள் லயத்தில் நான்கு குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன, இவர் ஐந்தாவது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். அங்கிருந்து கடிதம் வந்தது. பாட்டி அதைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். நான் வாசித்திருக்கிறேன். "நாங்கள் இங்கு யாவரும் நலம். அதுபோல் உங்கள் நலம் அறிய ஆவல்." பிறகு யாருக்குக் கலியாணம், யாருக்குக் குழந்தை. முகாமில் காத்துக் கிடந்ததும், நீலகிரிப் பக்கம் வேலை தேடி அலைந்ததும், புதுக் குளிரில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்ததும் ஒரு வரிகூட அதில் இல்லை. அவற்றை எல்லாம் பல வருடம் கழித்து ஒரு உறவுக்காரர் நேரில் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கடிதத்தை நம்பி எங்கள் உறவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் போயிருந்தன.

சின்னத் தாத்தா பொய் எழுதவில்லை. கடிதம் என்றால் "யாவரும் நலம்" என்று தொடங்கவேண்டும் என்பது நம் முறை. கெட்ட செய்திக்கு அந்த முறையில் இடம் இல்லை. இது நமக்கு மட்டும் உரியதும் இல்லை. சிட்னி ரோசன், ஏப்ரகாம் டெஸ்ஸர் என்ற இருவர் 1970 இல் இதைச் சோதித்தார்கள். இன்னொரு மாணவருக்கு வீட்டிலிருந்து நல்ல செய்தி வந்திருக்கிறது, அல்லது கெட்ட செய்தி வந்திருக்கிறது, போய்ச் சொல்லுங்கள் என்று ஒருவரை அனுப்பினார்கள். நல்ல செய்தி என்றால் அதை முழுதாகச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால் பலர், வீட்டுக்குப் போன் எடுக்கட்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தங்களுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோதே வாய் வரவில்லை. சொந்தத் தோல்வியைச் சொல்ல எப்படி வரும்?

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் அக்காமார் விடயத்திலும் இதே கதைதான் நடக்கிறது. திருவிழாவுக்கு வந்து நிற்கும்போது கழுத்தில் சங்கிலி தெரியும். பிள்ளைக்குச் சப்பாத்து தெரியும். பீலிக்கரையில் "எப்படி அக்கா அங்க?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டால், "பரவால்ல, நல்லா வச்சிருந்தாங்க" என்ற பதில்தான் வரும். பத்துப் பேர் நடுவில் அதற்கு வேறு பதில் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு இன்னொருத்தி வெளிநாட்டுக்கு ஆள் பிடித்து அனுப்பும் சப் ஏஜென்டைத் தேடிப் போகிறாள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, திரும்பி வந்து மூன்றாவது வருடம், வேறு யாரும் இல்லாத ஒரு மத்தியானம் என் அம்மாவிடம் மட்டும் தன் முன்கையைத் திருப்பிக் காட்டினார். அயர்ன் வைத்த தழும்பு. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா. "யாரும் தனியாக் கேக்கலையே" என்றார் அந்த அக்கா.

அந்தப் பதில் எனக்கு மறக்காது. போய் வந்தவரின் அனுபவம்தான் நமக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தகவல். உளவியலாளர் டானியல் கில்பேர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் 2009 இல் காட்டினார்கள்: ஒரு அனுபவம் நமக்கு எப்படி இருக்கும் என்று கணிக்க, அந்த விடயத்தைப் பற்றிய விவரங்களை நாமே ஆராய்வதைவிட, ஏற்கெனவே அதற்குள் போய் வந்த முன்பின் தெரியாத ஒருவர் "எனக்கு இப்படி இருந்தது" என்று சொல்வது அதிகம் உதவுகிறது. ஆனால் மக்கள் அதை நம்பவில்லை, விவரம்தான் பெரிது என்று நினைத்தார்கள். அந்த வாய் திறக்க வேண்டும் என்றால் இடமும் கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். சபை நடுவில் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் சபைக்கான பதில்தான் வரும். தனியாக உட்கார்ந்து, "காலையில எத்தனை மணிக்கு எழுப்புவாங்க? போன் யாரு கையில இருந்துச்சு? சம்பளம் எத்தனை மாசம் நின்னுச்சு?" என்று கேட்டால் வேறு கதை வரும்.

வெலிமடை, நுவரெலியாப் பக்கம் மரக்கறி செய்பவர்களுக்கு இந்தப் பேச்சின் விலை ரூபாயில் தெரியும். போன தடவை லீக்ஸ் நல்ல விலை போனது என்று ஒரு வாய் சொல்ல, பக்கத்துத் தோட்டத்தில் லீக்ஸ் நாற்று இறங்குவதைப் பார்த்து அடுத்தவர் இறக்க, அவரைப் பார்த்து மூன்றாமவர் இறக்க, அறுவடை அன்று கெப்பெட்டிபொல சந்தையில் லீக்ஸ் மலையாகக் கிடக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஏதோ தெரியும் என்று நினைத்துச் செய்தது. 1906 இல் இங்கிலாந்தில் பிளிமத் கண்காட்சியில் ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் வரும் எடையை 787 பேர் சீட்டில் எழுதிப் போட்டார்கள். பிரான்சிஸ் கோல்டன் என்ற ஆய்வாளர் எல்லாவற்றையும் வாங்கி வரிசைப்படுத்தி நடுவில் வந்த எண்ணைப் பார்த்தார்: 1,207 இறாத்தல். உண்மை எடை 1,198. கூட்டத்தின் அறிவு அப்படி வேலை செய்ததற்குக் காரணம், பெரும்பாலும் ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே எழுதியது. 2011 இல் சூரிச்சில் 144 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. மற்றவர்களின் மதிப்பீட்டைப் பார்க்க விட்டால் எல்லோருடைய எண்ணும் ஒன்றை ஒன்று நெருங்கியது. உண்மைக்குக் கிட்டப் போகவில்லை. நம்பிக்கை மட்டும் கூடியது.

"உனக்கு வராது"

இதுவரை சொன்னது உலகத்தைப் பற்றிய பேச்சு. நம்மைப் பற்றியே சொல்லப்படும் பேச்சு வேறு மாதிரி வேலை செய்கிறது.

நான் பத்தாம் ஆண்டு படித்தபோது ஒரு ஆசிரியர் என் ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, கொப்பியை மூடித் திருப்பித் தந்தார். "உனக்கு இங்கிலீஷ் வராதுடா, மற்றப் பாடத்தைப் பாரு" என்றார். அக்கறையோடுதான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். நான் விட்டுவிட்டேன், ஆறு வருடம். பிறகு கொழும்பில் ஒரு மாலை வகுப்பில் வேறொரு ஆசிரியை என் பந்தி ஒன்றில் மூன்றாவது வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டு, "இங்கே வினையின் காலம் மாறிவிட்டது, இந்த வரியை மட்டும் திருப்பி எழுது" என்றார். எழுதினேன். நான்காவது வரியையும் நானே பார்த்துத் திருத்தினேன்.

ஏவ்ரகாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996 இல் இப்படிப்பட்ட கருத்துச் சொல்லல் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது ஆளை முன்னேற்றுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேர்மாறாக, சொன்னதால் செயல் கெட்டுப்போயிருக்கிறது. பேச்சு செய்யும் வேலையை விட்டுச் செய்யும் ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "உனக்கு வராது" என்பதில் மட்டும் இல்லை, "நீ கெட்டிக்காரி, உனக்கென்ன" என்பதிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. இரண்டிலும் அடுத்து என்ன செய்வது என்று இல்லை. நம் பிள்ளைகள் இரண்டையும் நிறையக் கேட்கிறார்கள். மூன்றாவது வரியின் கீழ் போட்ட சிவப்புக் கோட்டைத்தான் அபூர்வமாகக் காண்கிறார்கள்.

எப்போதும் ஊர் பேச்சுக்கு ஆடுகிறவர்களாகவே நாம் இருக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. இலான் யானிவ், ஈலாய் கிளைன்பேர்கர் 2000 இல் செய்த ஆய்வில், வரலாற்றுச் சம்பவங்கள் நடந்த ஆண்டை முதலில் தாங்களாகக் கணிக்கச் சொல்லி, பிறகு இன்னொருவரின் கணிப்பைக் காட்டினார்கள். மக்கள் தங்கள் எண்ணுக்கே அதிக எடை கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் மற்றவர் பக்கம் சாய்ந்திருந்தால் கூடுதலாகச் சரி வந்திருக்கும். சபை நடுவில் வளைந்துபோகும் அதே மனிதர்தான் தனியாக இருக்கும்போது நல்ல யோசனையையும் தட்டிவிடுகிறார். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

சித்தி மகளுக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தேன். யாரிடமும் பேசுவதற்கு முன், கணிதப் பிரிவு எடுத்தால் தன்னால் முடியும் என்று பத்துக்கு எத்தனை தோன்றுகிறது, எழுது என்றேன். சொல்லாதே, எழுது. நெடுநேரம் பேனையைக் கடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள். அப்புறம் மேட்டு லயத்து அந்தப் பையனின் போன் நம்பரை அவன் அம்மாவிடம் வாங்கினோம். பெயிலான மகனிடம் படிப்பைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் வந்ததை அந்த அம்மாவால் நம்ப முடியவில்லை.

சிக்னல் இருக்கும் மூலையில் நின்று அவள் பேசினாள், நாற்பது நிமிடம். நான் பக்கத்தில் நின்றேன்.

"எதுல அண்ணே தவறுச்சு?"

"பௌதிகவியல். முதல் வருஷம் முழுக்க எங்களுக்குப் படிப்பிக்க சேர் இல்ல தங்கச்சி. லீவுக்குக் கொழும்புக்குக் கடை வேலைக்கு வந்துட்டேன், வீட்டுல கஷ்டம். ரெண்டாவது வருஷம் துரத்திப் பிடிக்க முடியல. இணைந்த கணிதத்துக்கு சி வந்துச்சு. அது அங்க யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது.

"எப்ப விட்டுரணும்னு தோணுச்சு?"

"முதல் தவணைப் பரீட்சை முடிஞ்சதும். எல்லாருக்கும் அப்பத்தான் தோணும். அதுக்காக விட்டுறாத. பௌதிகவியலுக்கு முதல் மாசமே கிளாஸ் தேடு, பிறகு பாப்போம்னு நிக்காத. இரசாயனவியல் பழைய நோட் என்கிட்ட இருக்கு, அடுத்த தடவை ஊருக்கு வாறப்போ தாறேன்."

போனை வைத்துவிட்டு அவள் கலண்டர் தாளை எடுத்தாள். ஏழு என்பதை வெட்டி ஆறு என்று எழுதினாள். எனக்கு மனசு திக்கென்றது. கீழே இன்னொரு வரி எழுதினாள்: "பௌதிகவியல் கிளாஸ், ஹட்டன், சனி. பஸ் காசு எவ்வளவு?" காலையில் எழுதிய ஏழுக்குக் கீழ் எதுவும் இருக்கவில்லை.

கணிதப் பிரிவுக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். முதல் தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது, அந்த அண்ணன் சொன்ன மாதிரியே ஒரு வாரம் அழுதாள். பழைய நோட் வந்து சேர்ந்தது, அரிசிப் பையில் சுற்றி. போன மாதம் நான் போயிருந்தபோது பீலியில் பெரியம்மா சித்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார், "என்னடி, மகளுக்குக் கணக்கு தாங்குதா?" சித்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார், "அவ வீட்டுலதான் இருக்கா அக்கா. போயி அவகிட்டயே கேளுங்க."